வேலையில் வராத கேள்வி

இன்று காலை ஊர்காவற்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், புளியங்கூடலில் ஏறிப் பக்கத்தில் இருந்த பெண் என்னையே பார்த்தாள்.

"அக்கா, நீங்கள்தானே என்னை ஒன்லைனிலை இன்டர்வியூ எடுத்தனீங்கள்?"

நினைவு வந்தது. நான் வேலை செய்யும் பெரிய தொழில்நுட்ப நிறுவனத்துக்கு நான்கு சுற்றுகள் தாண்டி வந்தவள். ஐந்தாவதில் நான் கேட்ட புதிருக்கு முக்கால் மணித்தியாலத்தில் விடை சொல்லவில்லை. "வேண்டாம்" என்று எழுதியது நான்தான்.

"பிறகு வீட்டிலை இருந்து செய்து பாத்தனான், அக்கா. ரெண்டு நாளிலை விடை வந்திட்டுது. வேலையிலை அப்பிடியான கேள்வியள் வாறதோ?"

ஏழு வருடத்தில் ஒன்றுகூட வந்ததில்லை. விடைக்குறிப்பு இல்லாமல் அந்தப் புதிரை என்னாலும் அவிழ்க்க முடியாது.

"ஓம், இடைக்கிடை வரும்" என்றேன்.

"அப்ப நீங்கள் செய்தது சரிதான். என்ரை படிப்புத்தான் காணாது."

சிரித்துக்கொண்டே வேலணையில் இறங்கிப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை.

அவளுடைய மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருக்கிறது. உண்மையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் பெயருக்குப் பிறகு ஒரு வரியும் வரவில்லை.

நேர்முகத்தேர்வு எடுக்கும் நண்பர்களே, நீங்கள் என்றால் எப்படித் தொடங்குவீர்கள்? திட்டுவதென்றாலும் பரவாயில்லை, கீழே எழுதுங்கள்.