அத்தையின் தெத்துப்பல்

அத்தைக்குப் பல் செட் கட்டியபோது நடந்த ரகளையை நான் மறக்கவே மாட்டேன். ஈறு கெட்டுப்போய்ப் பல்லையெல்லாம் எடுத்தாகிவிட்டது. அளவெடுத்து முடித்து, ரோஸ் நிற மெழுகில் புதுப் பற்களை நட்டு, வாயில் வைத்துப் பார்க்கும் நாள் அது. மெழுகாக இருக்கும்போதுதான் பல்லை நகர்த்த முடியும், அதனால் வீட்டு ஆட்களும் வந்து பார்த்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பட்டாபிராமிலிருந்து ஆட்டோ பிடித்து அத்தை, மாமா, அப்பா, நான் எல்லோரும் ஆவடிக்குப் போனோம்.

மாமாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனோம். பல் வரிசையைப் பார்த்து அப்பா அசந்துபோனார். அத்தையோ கண்ணாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா டாக்டரம்மா, யாரோ மாதிரி கீறேன். இங்க எனக்குத் தெத்துப்பல்லு இருந்திச்சே, அது எங்க?" என்று கல்யாண போட்டோவை எடுத்து நீட்டினாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனவன் கம்பி போட்டு தெத்துப்பல்ல நேராக்கினு கீறான். உனக்கு இன்னாக்கா புத்தி இது?"

"நீ சும்மா இர்றா. அவரு கொஞ்ச நாளா என்னெ யாருன்னே தெரியாம முழிக்கிறாரு. இந்தப் பல்லப் பாத்தா கண்டுபுட்ச்சிடுவாரு."

மாமாவின் மறதியில் அந்தச் சின்ன வயதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முன்பெல்லாம் அத்தையை வாடி, போடி என்று விரட்டிக்கொண்டிருந்தவர், இப்போது "சாப்டீங்களாம்மா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். மனுஷர் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

டாக்டரம்மா சின்னக் கத்தியைச் சூடாக்கி மெழுகை இளக்கினார். வலப்பக்கக் கோரைப்பல்லைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, லேசாகத் திருப்பி, போட்டோவைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்," என்றாள் அத்தை. சரியாக வந்ததும், நான் போய் மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

அத்தை சிரித்துக் காட்டினாள். மாமா குனிந்து உற்றுப் பார்த்தார். அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட! உங்களுக்கும் அதே எடத்துல தெத்துப்பல்லாம்மா? எங்க ஊட்டுக்காரிக்கும் இப்டியேதான்!"

நான் மாமா தமாஷ் பண்ணுகிறார் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா என் தொடையில் கிள்ளினார்.

அத்தைதான் மெல்லக் கேட்டாள். "அவங்க எப்டிங்க?"

"அவளா? வாய் ஜாஸ்தி. ஆனா, காலைல ஒரு சிரிப்பு சிரிச்சான்னு வெச்சுக்கோங்க, எனக்கு வேலைக்குப் போவவே மனசு வராது."

பல்லைப் பழையபடி நேராக்கிவிடட்டுமா என்று டாக்டரம்மா தயங்கிக் கேட்டார். "வாணாம், இப்டியே இருக்கட்டும்," என்று அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெழுகுப் பல்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். ஆட்டோவில் அத்தை மாமாவை ஒட்டி உட்கார்ந்து, அந்த ஊட்டுக்காரியைப் பற்றிப் பொக்கை வாயால் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். தன்னைப் பற்றித் தனக்கே தெரியாதா, எதற்கு இத்தனை கேள்வி என்று எனக்கு ஒன்றுமே புரியவில்லை.