எந்த லெவல்?

எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸின் சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனநலக் கூட்டம் நடக்கும். பேனரில் அப்படிப் போட மாட்டார்கள். போட்டால் பைத்தியத்துக்கு மருந்து கொடுக்கிறார்கள் என்று சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் முழுக்கப் பேச்சாகிவிடும், ஒரு ஈ காக்கை வராது. 'மனம் விட்டுப் பேசுவோம்' என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் மனம் விட்டுப் பேசக் குழாயடி போதும், கூடவே சண்டையும் இலவசம். இதையெல்லாம் சொல்லிக் கிண்டல் செய்துகொண்டிருந்த நான்தான் அண்ணியை அங்கே இழுத்துக்கொண்டு போனேன்.

காரணம் பயம். அண்ணன் செத்து வருடம் திரும்பவில்லை, அதற்குள் அண்ணி பாதியாகிவிட்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "தூங்குனா நல்லாருக்கும். அப்புறம் எழுந்திருக்கவே வாணாம்" என்று ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அண்ணனைக் கொடுத்தது போதாதா, இவளையும் கொடுத்துவிடுவோமா என்று அன்றைக்கே அவளைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போக முடிவு செய்தேன்.

அவளைத் தின்றது அண்ணன் சாவு மட்டுமல்ல. அப்பாவின் கேள்விகளும்தான்.

அப்பா கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, தங்கச் சுரங்கத்தில் துளைபோடும் மிஷின் பிடித்தவர். மைன்ஸை மூடிப் பல வருடமாகியும் அவர் பேச்சு இன்னும் மேலே ஏறி வரவில்லை. வட ஆர்க்காட்டில் எங்கள் ஆட்களுக்கென்று ஒதுக்கிவைத்த வேலையைச் செய்ய மாட்டோம் என்று கிளம்பி வந்த குடும்பம் எங்களுடையது. "கேஜ்ல எறங்கிட்டா சாதி கெடையாது, அல்லார் மூஞ்சியும் ஒரே கலரு" என்பார். அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

ஊரில் வேலை இல்லை. எல்லோரையும் போல அண்ணனும் காலை ரயிலில் பெங்களூர் போனான். கொஞ்ச நாளில் வேலை கிடைத்துவிட்டது என்றான்.

"இன்னா வேலைடா?" என்று அப்பா கேட்டார்.

"அண்டர்கிரவுண்டு வேலைப்பா."

அது பொய் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் செப்டிக் டேங்கில் இறங்கிச் சுத்தம் செய்கிற வேலை. ஆனால் எங்கள் ஊரில் அண்டர்கிரவுண்டு என்றால் ஒரே அர்த்தம்தான். மெட்ரோவுக்குச் சுரங்கம் வெட்டுகிறான் என்று அப்பா எடுத்துக்கொண்டு, லைன் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். உண்மை எனக்கும் அண்ணிக்கும் தெரியும். அவன் துணியைத் துவைத்தவள் அவள், அவனோடு அதே ரயிலில் வேலைக்குப் போய்வந்தவள் நான்.

'கேஸ் அடிச்சிடுச்சு' என்றுதான் போனில் சேதி வந்தது. அதையும் அப்பா தன் கணக்கில்தான் புரிந்துகொண்டார். வெடி வைத்த பிறகு காற்று ஓடாத இடத்தில் போய் நின்றால் சுரங்கத்திலும் கேஸ் அடிக்கும், ஆள் சாவான். சுரங்கத்தின் ஆழத்தை லெவல் லெவலாகத்தான் எண்ணுவார்கள். காரியம் முடிந்த மறுநாள் ஆரம்பித்தார். "எந்த லெவல்ல இருந்தான்?" அண்ணி சமையலறை வாசலில் நின்றபடி "மூணாவது லெவல் மாமா" என்றாள். "ஷிப்ட் பாஸ் யாரு?" "யாரோ கன்னடத்து ஆளு மாமா." "காத்துக்கு இன்னா வழி பண்ணிருந்தாங்க?" "ஃபேன் வச்சிருந்தாங்களாம் மாமா." தினமும் சாயங்காலம் இதே விசாரணை. நேற்றுச் சொன்னதும் இன்றைக்குச் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் கண்டுபிடித்துவிடுவார். பெங்களூருக்கு அடியில் இல்லாத ஒரு சுரங்கத்தை அந்தப் பெண் தினமும் வெட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்றால், "வாணாம்மா, பெரியவரு தாங்க மாட்டாரு" என்று என் வாயைப் பொத்துவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் கூட வந்தார். "எம்மருமவள எவன் இன்னா கேக்குறான்னு நானும் பாக்கணும்" என்றார். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆலோசகர் நல்ல பெண்தான். குரலைத் தாழ்த்திப் பேசினாள், அவசரப்படவில்லை. எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்து அண்ணியிடம் நின்றாள்.

"ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் வச்சுக்கோங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்தின வேதனை இப்ப எந்த லெவல்ல இருக்கு?"

அண்ணி வாயைத் திறக்கும் முன் அப்பா முந்திக்கொண்டார். "மூணாவது லெவல் மேடம்."

"மூணுதானா?" ஆலோசகரின் முகம் மலர்ந்தது. "பரவால்லையே! நல்லாத் தேறிட்டு வரீங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எழுந்து கத்த வேண்டும் போலவும் இருந்தது. அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"லெவலும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. பத்தடி. கக்கூஸ் குழி. அதுலதான் எறங்குனாரு. மொதல்லேருந்தே அதான் அவரு வேலை."

கூடத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பிள்ளைகள் செய்வதும் அதே வேலைதான். அப்பாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

"பத்தடியா?" என்றார். பாறையே கொதிக்கிற ஆழத்துக்குப் போய்த் திரும்பியவர் அவர். "பத்தடில கை குடுத்துத் தூக்க ஒருத்தன்கூடவா இல்ல?"

"இருந்தாங்க மாமா. சுத்தி நின்னுகினுதான் இருந்தாங்க. தொட மாட்டேன்னுட்டாங்க."

சொல்லி முடித்ததும் அண்ணி அழுதாள். பிணம் வந்த அன்றுகூட அப்படி அழவில்லை, வாய்விட்டு, ஊர் கேட்க அழுதாள். இவள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மருமகளைத் தொட்டுப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னியக் கூப்புட்டிருக்கலாமே" என்றார். "நான் எறங்கியிருப்பனேம்மா."