மாடி ஜன்னலுக்கு எட்டாத ரோஜா

ரோஜாச் செடியைக் கவாத்து செய்கிற தொழிலில் முதலில் கேட்பது கத்தரிச் சத்தம் இல்லை, "ஐயோ, அதத் தொடாதீங்க!" என்று வீட்டுக்குள்ளிருந்து வருகிற குரல்தான். ஆள் யாரென்று தெரியாது. சமையலறையிலிருந்தா, பாத்ரூமிலிருந்தா என்றுகூடத் தெரியாது. குரல் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரலுக்குச் சொந்தக்காரர் வாசலுக்கு வருவார். அதற்குள் என்னைக் கூப்பிட்டு வேலை சொன்ன ஆள் கொல்லைப் பக்கமாக நழுவியிருப்பார்.

எனக்கு ராத்திரி வேலை, கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில். விடிந்து வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. கொஞ்ச நேரம் ஃபேன் சுற்றுவதைப் பார்ப்பேன், அப்புறம் எழுந்து வண்டியை எடுத்துவிடுவேன். அப்படித் திரிந்ததில் ஒட்டிக்கொண்டதுதான் இந்தத் தோட்ட வேலை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செல்போன் வீடியோ பாதி, நானே சாகடித்த செடிகள் மீதி. இப்போது சிதம்பரம் வரைக்கும் எந்த வீட்டு ரோஜாவையும் பார்த்தவுடனே எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். எங்கே வெட்டக் கூடாது என்பதை அந்த வீட்டில் ஒருத்தர் சொல்லுவார். பிளம்பர், பெயின்டர், ஏ.சி. மெக்கானிக் என்று அடுத்தவர் கேட்டைத் திறந்து உள்ளே போய்ப் பிழைக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது புரியும்.

மூங்கில் கட்டிய செடி

புதுப்பாளையத்தில் அந்தோணி சார் வீடு. கீழே வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் அவரும் ஸ்டெல்லா டீச்சரும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ரிட்டயர் ஆனவர்கள். போன மழைக்காலத்துக்கு முன்னால் டீச்சர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்துவிட்டது. கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறார், படி மட்டும் இறங்குவதில்லை. மெதுவாக இறங்கிப் பழகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சார்தான் விடவில்லை.

மழை விட்டதும் என்னை போனில் கூப்பிட்டது டீச்சர். போய்ப் பார்த்தால், காம்பவுண்டு ஓரம் அவர் வைத்த பன்னீர் ரோஜாக்கள் எல்லாம் ஆளுக்கு மேல் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, மாடி ஜன்னலைப் பார்க்க ஏற்றிவிட்டிருந்தார் சார். அடியில் இலையே இல்லை, வெறும் முள் குச்சி. உச்சியில் மட்டும் இத்துனூண்டு பூ. அதுவும் ஜன்னலுக்கு எட்டவில்லை. நான் கத்தரியை எடுத்ததும் சார் செடிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "காஞ்ச எலைய மட்டும் பொறுக்கிட்டுப் போ, ராஜேந்திரா. இது ஜன்னலுக்கு வரணும். அவ படுத்துக்கிட்டே பாக்கணும். அதுக்குத்தான் இவ்ளோ பாடு."

"இப்படியே வுட்டா பூ நின்னுடும் சார். முட்டி ஒசரத்துக்கு வெட்டுனாத்தான் அடியிலேருந்து தளிர் வரும்" என்றேன். நன்றாகத் தலையை ஆட்டினார், நகரவில்லை. அப்போது மேலே ஜன்னல் திறந்தது. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பெரிய வகுப்புகளை அடக்கிய குரல். அன்றைக்கு அதில் சத்தம் இல்லை.

"ராஜேந்திரன், அவரு பூவ மேல கொண்டு வரல. நான் இனிமே கீழ வர மாட்டேன்னு முடிவு பண்ணிட்டாரு, அவ்ளோதான்."

துபாயிலிருந்து ஒரு கண்

சிதம்பரத்தில் கலியபெருமாள் ஐயா வீட்டுக்குப் போனால் எனக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் எதிரில், ஒருவர் துபாயில். என்னை ஏற்பாடு செய்தது மகன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அப்பா. நான் போனதும் மகன் வீடியோ காலில் வந்துவிடுவான். போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டு, அவன் கண் முன்னால் நான் வெட்ட வேண்டும்.

"அண்ணா, லெஃப்ட்ல ஒண்ணு குறுக்க போவுது பாருங்க, அத எடுத்துடுங்க" என்பான். "அதுலதான்டா மொட்டு நிக்கிது. மார்கழி பொறந்தா நடராஜருக்கு என்னத்தக் குடுக்கறது, உன் லெஃப்ட்டயா?" என்பார் ஐயா. "அப்பா, கொஞ்சம் தள்ளு, மறைக்கிது." "நான் மறைக்கிறனா? நீ நேர்ல வந்து பாரேன், யாரு மறைக்கப் போறா?"

நல்லவேளையாக நெட்வொர்க் போனது. பையன் வாயைத் திறந்தபடியே திரையில் அசையாமல் நின்றுவிட்டான். ஐயா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையைத் துடைத்தார். கட் பண்ணிவிடவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. இப்பதான் நான் சொல்றதக் கேக்குற மாதிரி இருக்கான். நீ மெதுவா வெட்டு."

வாட்டசாட்டம்

புவனகிரியில் ஒரு வீடு. கடையில் வாங்கிய ஒட்டு ரோஜா. ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு கிளை கிளம்பி மதிலைத் தாண்டி நின்றது. ஒட்டு ரோஜா வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். அது அடிச்செடியின் கிளை. பார்க்க ஜோராக இருக்கும், போடுகிற உரத்தையெல்லாம் அதுவே தின்னும், பூக்காது. வீட்டுக்காரருக்கோ அதன் மேல்தான் ஆசை. "எவ்ளோ வாட்டசாட்டமா வந்திருக்கு, அதப் போயி வெட்டணுங்கிறீங்களே!"

அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. "உங்க தம்பியுந்தான் வாட்டசாட்டமா இருக்காரு. வேளாவேளைக்குத் தட்டுல விழுது. என்னத்தப் பூத்தாரு?" வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன். அந்தத் தம்பி அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் காதில் வயர் மாட்டிக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தார். கேட்டிருக்காது என்ற தைரியத்தில் கிளையை அடியோடு பிடித்து இழுத்தேன். அது பிய்ந்து வந்த சத்தத்தில் தம்பி ஒரு காது வயரைக் கழற்றினார்.

"அண்ணி, செடிய மட்டுந்தானே சொன்னீங்க?"

தவக்காலத்துப் பூ

பொங்கல் கழிந்து டீச்சர் மறுபடி போன் செய்தார். இந்தத் தடவை சார் கேட்டிலேயே காத்திருந்தார், புது நியாயம் ஒன்றோடு. "இப்ப வெட்டுனா பூ எப்ப வரும்?" என்றார். "மாசி, பங்குனியில வந்துடும் சார்." "பாத்தியா! அது தவக்காலம். பீடத்துல பூ வைக்க மாட்டாங்க. கல்யாணமும் வராது. அந்தப் பூ யாருக்கு?" டீச்சர் தோட்டத்துப் பூ வாரா வாரம் மாதா கோயிலுக்குப் போகிற பூ. ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலம் முழுக்க அங்கே பூ கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

பதில் மேலேயிருந்து வந்தது. "எனக்கு! நான் எறங்கி வந்து பறிச்சிக்கிறேன்." சார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ராஜேந்திரா, ஒரு தடவ ஒடஞ்சது போதும்னு அவகிட்ட சொல்லு." "ராஜேந்திரன், ஒடஞ்சது என் காலு, அவரு காலு இல்லன்னு சொல்லுங்க." "ராஜேந்திரா, கீழ வான்னு யாரு வெத்தல பாக்கு வச்சா கூப்புடறாங்க, தேவயில்லாம படி எறங்க வேணாம்னு சொல்லு." "ராஜேந்திரன், படிய ஏறி எறங்கத்தான் கட்டுனோம், பாக்குறதுக்கு இல்லன்னு சொல்லுங்க." ஒருவர் சொல்வது இன்னொருவருக்குத் தெளிவாகவே கேட்கிறது. இருந்தாலும் நடுவில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கும் காய்ந்த இலைதான் பொறுக்கினேன். வண்டியை எடுக்கும்போது சார் பின்னாலேயே தெருவுக்கு வந்தார். மாடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு அவ விழுந்த சத்தம் எனக்கு ஹால்ல கேட்டுது. படியில அப்புடி ஒரு சத்தம் கேட்டா நான் இருக்க மாட்டேன்ப்பா."

பாஸ்கரின் தீர்ப்பு

ஐஸ் ஃபேக்டரியில் என்னோடு கம்ப்ரஸர் பார்க்கிற பாஸ்கரிடம், காலையில் டூட்டி முடிந்து டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். பாஸ்கருக்கு ரோஜாவைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பான். சாருக்கு பயம், டீச்சருக்கு ரோஷம், இரண்டும் எனக்கு நியாயமாகவே படுகிறது, யார் பேச்சைக் கேட்பது என்றேன். செடியை எங்கே வெட்டுவது என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. இது வேறு. என் வீட்டில் செடியும் கிடையாது, சண்டை போட ஆளும் கிடையாது, எனக்கு இதில் பழக்கம் போதாது.

பாஸ்கர் டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தான். கிளாஸை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அவுங்க ரெண்டு பேரும் ஒன்னயப் புடிச்சி இழுத்துக்கிட்டு இருக்காங்க மச்சான். நீ சும்மா நில்லு, யாருக்கு மொதல்ல கை வலிக்கிதோ அவுங்க வுட்டுடுவாங்க."

இறங்குகிற கால்

சும்மா நிற்பது அவ்வளவு சுலபம் இல்லை. அடுத்த வாரமே டீச்சர் கூப்பிட்டார். சார் மீன் வாங்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் வெட்டிவிட்டுப் போய்விடுங்கள் என்றார். போனேன். கத்தரியைத் திறந்து முதல் செடிகிட்டே உட்கார்ந்தேன். சணல் கயிற்றில் சார் போட்ட முடிச்சு கண்ணில் பட்டது. முள் குத்தாமல் அவ்வளவு முடிச்சுப் போட முடியாது. கத்தரியை மூடிவிட்டு, "சார் வந்துடட்டும் டீச்சர், அவரு இல்லாதப்ப என்னால ஆவாது" என்றேன். ஜன்னலிலிருந்து "சரி, நானே வந்து வெட்டிக்கிறேன்" என்று மட்டும் வந்தது. கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மாடிப்படி வீட்டுக்கு வெளியே, பக்கச் சுவரை ஒட்டி. மேலே வாக்கரைச் சுவரில் சாத்துகிற சத்தம் கேட்டது. பார்த்தால் டீச்சர் முதல் படியில் நிற்கிறார். ஒரு கையில் கைப்பிடி, இன்னொரு கையில் மீன் வெட்டுகிற கத்தரி. "டீச்சர், கத்தரியயாவது போடுங்க!" என்று கத்தினேன். போட்டார். பிசியோதெரபி பெண் சொல்லிக் கொடுத்ததைப் பாடம் மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்: "எறங்கறப்ப ஆபரேஷன் காலு மொதல்ல. அப்புறம் நல்ல காலு." நான் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மரத்திலிருந்து பலாப்பழம் விழப்போகிறது என்று நிற்கிற ஆள் மாதிரி நின்றேன்.

பாதிப் படியில் இருக்கும்போது சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. சார் பார்த்துவிட்டார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தினால் டீச்சர் திரும்புவார், திரும்பினால் கால் தப்பும். கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். மீன் பையை அப்படியே தரையில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டிப் படியேறி, டீச்சருக்கு ஒரு படி கீழே அவர் முகத்தைப் பார்த்து நின்றார். டீச்சர் ஒரு படி இறங்கினால் சார் பின்பக்கமாக ஒரு படி இறங்கினார். கையை மட்டும் நீட்டி வைத்திருந்தார். டீச்சர் அதைப் பிடிக்கவில்லை. கடைசிப் படிக்கு வந்தபோது நடுங்கிக்கொண்டிருந்தது சார்தான். கீழ் வீட்டுக்காரர்களிடம் நாற்காலி வாங்கிப் போட்டேன். டீச்சர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சார் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செடிப் பக்கம் போய் முதல் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மழையில் இறுகிப் போயிருந்தது, வரவில்லை. என்னிடம் கத்தரியை வாங்கி அறுத்தார்.

"முட்டி ஒசரம்னு சொன்னல்ல? யாரு முட்டி?" என்று கேட்டார். "என் முட்டி" என்றார் டீச்சர் நாற்காலியிலிருந்து. அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டே வந்தேன். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, சாய்வாக, ஒரு வெட்டும் பிசகவில்லை. வெட்டிய நுனி அழுகாமல் இருக்க சார் மஞ்சளைக் குழைத்துத் தடவினார். கடைசிச் செடிக்கு வந்தபோது என் கையைப் பிடித்தார். "இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே ராஜேந்திரா. மழ நாளுல அவளால எறங்க முடியாதில்ல." நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் அந்த நெட்டைச் செடியை அடியிலிருந்து நுனி வரை, அப்புறம் ஜன்னல் வரை பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். ஆனா அது உங்களுக்கு. நீங்க மேல ஒக்காந்து பாருங்க, நான் கீழ இருப்பேன்."

சார் அந்த ஒரு மூங்கிலை அப்படியே விட்டுவிட்டு மீன் பையை எடுக்க, அதைக் குழம்பு வைப்பதா வறுப்பதா என்று அடுத்த பேச்சு ஆரம்பமாகிவிட்டது. இந்தத் தொழிலில் வெட்டுப்படுகிற செடியைத் தவிர மற்ற எல்லோருக்கும் அபிப்பிராயம் உண்டு என்று நினைத்துக்கொண்டு, நான் விளக்குமாற்றை எடுத்து முள்ளைக் கூட்ட ஆரம்பித்தேன்.