மைனி கட்டிய கட்சிக்காரர் வேஷம்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் ஒப்பந்தங்களைப் படித்துச் சண்டை போடுவது என் தொழில். அதிலும் பாதிச் சண்டைதான். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘இங்கிலாந்துச் சட்டமே செல்லும்’ என்று ஒரு வரி இருக்கும். அதைக் கண்டதும் ஃபைலை லண்டன் வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, அவர் சொல்வதைக் கட்சிக்காரரிடம் ஒப்பிக்க வேண்டியதுதான். நாற்பது தாண்டியும் தபால்காரி வேலையா என்று ஒருநாள் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு இங்கிலாந்தில் வக்கீலாவதற்கான சொலிசிட்டர் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டேன்.

அதற்கு அங்கே போய்ப் படித்திருக்க வேண்டியதில்லை. நம்மூர் வக்கீலும் எழுதலாம். முதல் பரீட்சை கம்ப்யூட்டரில். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில். மிகப் பொருத்தமான ஒன்றைத் தொட வேண்டும். ஐந்துக்கும் வாதாடத் தெரிந்தவளுக்கு அது பெரிய இம்சை. எப்படியோ தேறினேன். இரண்டாவதில் ஒரு பகுதிக்குக் கடல் கடந்து நேரில் போக வேண்டும். கட்சிக்காரராக நடிக்கும் ஒருவர் எதிரே உட்காருவார். அவரோடு பேசி விஷயத்தை வாங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதற்கு மார்க் போடுவதும் அவரேதான். எனக்குச் சட்டம் தெரியுமா என்று அவர் பார்ப்பதில்லை. இவளை நம்பி என் காரியத்தை ஒப்படைக்கலாமா என்றுதான் பார்ப்பார்.

பழகிப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. மைனியைப் பிடித்தேன். இறந்துபோன என் அண்ணனின் மனைவி. திருச்செந்தூரில் ஒரு வாடகைக் கடையில் மிஷின் போட்டு, குலசைக் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடுப்புத் தைக்கிறார். காளிக்கும் ராஜாவுக்கும் போலீசுக்கும் அளவெடுத்த கை. “வேஷம்னா முழுசா கட்டணும்ளா” என்று சொல்லி, இங்கிலாந்து அம்மாளாகக் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என் ஆபீசுக்கு வந்துவிட்டார்.

நான் பழக்க தோஷத்தில் எந்த ஊர், யார் வீடு என்று ஆரம்பித்தேன். பிறகு ஏன் எழுதி வாங்கவில்லை, யார் சொல்லிச் செய்தீர்கள் என்று அடுக்கினேன்.

“ஏளா, நீ விஷயம் கேக்கியா, கூண்டுல ஏத்துதியா? பத்துக்கு நாலு” என்றார் மைனி.

வாயை மூடிக்கொண்டு கேட்கப் பழகினேன். மார்க் ஆறானது, ஏழானது.

அந்தப் பரீட்சையில் தொழில் ஒழுக்கத்துக்கென்று தனிக் கேள்வி கிடையாது. மற்றக் கேள்விகளுக்குள் சத்தமில்லாமல் ஒளித்து வைத்திருப்பார்கள். நாமாகக் கண்டுகொள்ள வேண்டும். வக்கீலின் சொந்த லாபம் கட்சிக்காரரின் நலனோடு மோதினால், அந்த வேலையைத் தொடவே கூடாது. அவர் சம்மதித்தாலும் கூடாது. மீறினால் மேலே இருந்து கண்காணிக்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள். பட்டியலிலிருந்து பெயரே போகலாம். நம்மூர் விதியும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. ஆனால் வீட்டில் ஒரு வக்கீல் இருந்தால் எல்லோருக்கும் அவர்தான் வக்கீல், யார் விதியைப் பார்க்கிறார்கள்?

ஒரு ஞாயிறு, நடிப்பதற்கு நான் எழுதிக் கொடுத்த தாளை மைனி ஓரமாக வைத்தார். கூலிங்கிளாஸைக் கழற்றி மேஜையில் போட்டார்.

“இன்னைக்கு வேஷம் வேண்டாம்ளா. நெசக் கேஸு. உன் தம்பி வந்தான். சாத்தான்குளம் கட்டடத்துல உங்க அண்ணன் பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடச் சொல்லுதான். எனக்கு அந்த முன்கடையில மிஷின் போடணும்னு ரொம்ப நாளா ஆசை. நீ சொல்லு, போடட்டுமா வேண்டாமா?”

அது அப்பாவின் கட்டடம். உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மாவும் இல்லை, அதனால் அண்ணன், நான், தம்பி என்று மூன்று பங்கு. அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, அவர் பங்கு இப்போது மைனிக்கு. அவர் விட்டுக்கொடுத்தால் அது எனக்கும் தம்பிக்கும் வரும். ‘மைனிக்கு எடுத்துச் சொல்லு’ என்று தம்பி என்னிடமும் போனில் சொல்லியிருந்தான்.

போடாதீர்கள் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல யோசனைதானே, சொன்னால் என்ன? இன்று சொல்லிவிடலாம். நாளை முன்கடை யாருக்கு என்று வரும்போதும் மைனி என் முகத்தைத்தான் பார்ப்பார். அங்கே நான் எதிர்க்கட்சி.

“மைனி, இதுக்கு நான் உங்களுக்கு வக்கீலா இருக்கக் கூடாது. நீங்க விட்டா எனக்குத்தான் லாபம். வேற வக்கீலப் பாருங்க. அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதிய” என்றேன். கோர்ட்டில் என்னைப் பாடாய்ப் படுத்தும் ஒரு பெண் வக்கீலின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

மைனியின் கண் நிறைந்துவிட்டது. “உங்க அண்ணன் போனதும் நான் அந்நியமாயிட்டேன், என்னளா?”

கூலிங்கிளாஸைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனார். கூப்பிட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்ற பயத்தில் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

பிறகு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நான் அனுப்பி அனுப்பிப் பழகிய சரக்கு, முதல் தடவையாக என் பெயருக்கே வந்திருந்தது. கட்டடத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும், முன்கடை தன் கட்சிக்காரரான மைனிக்கு வேண்டும் என்று அந்தப் பெண் வக்கீல் எழுதியிருந்தார். குறை சொல்ல ஓர் இடம் இல்லாத நோட்டீஸ். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

தம்பி போனில் குதித்தான். “ஏக்கா, நீயே ஆளப் புடிச்சிக் குடுத்து நம்ம மேலயே நோட்டீஸா?”

எனக்குச் சம்மதம் என்று பதில் எழுதினேன். அவன் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தான். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்த அன்று மைனியிடம் அவனே போய்ப் பேசினான். என்னிடம் மைனி ‘வாரேன்’ என்றதோடு சரி.

கார்டிஃப் நகரத்தில் பரீட்சை அறையில் எதிரே உட்கார்ந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் கேட்டேன், அவர் பேசினார், முடிந்தது. குளிரில் வெளியே வந்து போனை ஆன் செய்ததும் மைனி அழைத்தார். பின்னால் மிஷின் ஓடும் சத்தம், சாத்தான்குளம் பஜாரின் இரைச்சல்.

“ஏளா, அன்னைக்கு மார்க் போடாம வந்துட்டேன்லா. பத்துக்கு ஒம்பது.”

“ஒண்ணு எங்க போச்சு மைனி?”

“அழுதுட்டுப் போறவள ஒரு வார்த்தை கூப்பிடலல்லா, அதுக்கு.”