பழைய தாளில் இரண்டு பெயர்

வேலை மாறி வருகிறவர்களின் வரிக் காகிதங்களை வாங்கிச் சரிபார்த்து அடுக்குவது என் வேலை. பதினேழு வருடத்தில் அவற்றைச் சிரித்த முகத்தோடு கொடுத்தவர்கள் இரண்டே பேர், இருவரும் கொடுத்தது தவறான காகிதம். நீங்களும் வேலை மாறியவர் என்றால் அந்தச் சங்கடம் உங்களுக்குத் தெரியும். எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துத்தான் படிப்பேன்.

மறைத்த தாள்

ஈஜிபுராவிலிருந்து வரும் ஒரு பெண் ஆகஸ்டில் சேர்ந்தாள். பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் உள்ள தாளைக் கேட்டேன். ஏப்ரலிலிருந்து வீட்டில்தான் இருந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்டர்வியூவில் பழைய சம்பளத்தை ஏற்றிச் சொல்லியிருந்தாளாம். தாள் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயம். நாங்களும் எட்டு மாதச் சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுக் குறைவாகப் பிடித்தோம். அடுத்த ஜூலையில் வரி ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோது இரண்டு சம்பளத்துக்கும் சேர்த்து வரி பாக்கி நின்றது, வட்டியோடு. மூக்கைச் சிந்திக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"அங்கிள், ரெண்டு கம்பெனிக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாதுன்னு நெனச்சேன். கவர்மென்ட்டுக்கு ரெண்டு பேரையும் தெரிஞ்சிருக்கு!"

தேவராஜின் படிவம்

அதற்குப் பிறகு பழைய தாளையும் புதுப் படிவத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடத் தொடங்கினேன். சரக்கு அனுப்பும் பிரிவுக்கு அக்டோபரில் வந்தவர் தேவராஜ், ஆஸ்டின் டவுன்காரர். அவருடைய பழைய தாளில் வரிக்கழிவுக்கு இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் காட்டியிருந்தது: கீர்த்தனா, நிதின். எங்கள் படிவத்தில் கீர்த்தனா மட்டும். ஒரு ரசீது குறைந்தால் வரி கூடும், நஷ்டம் அவருக்குத்தான்.

ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். "நிதின் ரசீது இல்லை. இணைக்கவும்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் படிவத்தோடு திருப்பி அனுப்பினேன். படிவம் அப்படியே வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறை பெயருக்கு அடியில் சிவப்பில் இரண்டு கோடு போட்டேன். அக்கவுன்ட்ஸ் மேடம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னண்ணா, பையன் பேருக்கு ரெண்டு கோடா? நீங்க ஸ்கூல் மேஷ்ட்ரா போயிருக்கணும்!"

மூன்று துண்டுகள்

மறுநாள் மதியம் தேவராஜே வந்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று துண்டுகளையும் எடுத்து, மடிப்பைப் பிரித்து, என் மேசையில் வரிசையாக வைத்தார். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெல்லத்தான் சொன்னார். பழைய வேலையை விட்டதே ஆஸ்பத்திரியில் பையனோடு இருக்கத்தானாம். செப்டம்பரில் பையன் போய்விட்டான்.

"ஃபீஸ் கட்டினது நிஜம்தான் ஐயா. ரசீது அவன் ஸ்கூல் பையிலயே கெடக்கு. அந்தப் பையை என் வீட்டுக்காரி யாரையும் தொட விடறதில்ல."

நகல்

மேடத்திடம் சொன்னேன். கட்டிய கட்டணத்துக்குக் கழிவு உண்டு, பள்ளியில் கேட்டால் ரசீதின் நகல் தருவார்கள் என்றார். ரிட்டர்ன் போடும்போது கழிவு கேட்பதாக இருந்தாலும் ரசீது கையில் இருக்க வேண்டும்.

இதைத் துண்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. படி இறங்கி, லாரிகள் நிற்கும் இடத்துக்கு முதல் முறையாகப் போனேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. தேவராஜ் நான்கு பெட்டிகளை எண்ணி டிக் அடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஸ்கூல் கவுன்ட்டர்ல பையன் எந்த கிளாஸ்னு கேப்பாங்க ஐயா. நான் என்ன சொல்றது? வரியைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

மார்ச் சம்பளத்தில் அந்த வரியைப் பிடித்தோம். இப்போதெல்லாம் எது விடுபட்டிருந்தாலும் நானே ஆள் இருக்கும் இடத்துக்கு நடந்து போய்க் கேட்கிறேன், ஒரு நாளைக்கு நாலு பேருக்கு மேல் எனக்குத் தைரியம் வருவதில்லை.