பன்னிரண்டாவது வெடி

வடிவேலுவுக்கு எண்ணுகிற பழக்கம் இன்னும் விடவில்லை. லிஃப்டுக்கு நின்றாலும் சரி, பஸ்ஸுக்கு நின்றாலும் சரி, கட்டைவிரல் தானாக மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் ஊர்ந்துகொண்டிருக்கும். விரலுக்கு மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. அறுபத்து நாலு வயதில் ஒரு காண்டோ அடுக்குமாடி வளாகத்தில் காவலாளி வேலை. அங்கே எண்ணுவதற்குக் கார்களை விட்டால் வேறொன்றுமில்லை.

இள வயதில் அவர் புக்கித் தீமா பக்கம் ஒரு கல் குவாரியில் இருந்தார். பாறையில் பன்னிரண்டு குழி போட்டு வெடிமருந்து கெட்டிப்பார்கள். சங்கு ஊதியதும் எல்லாரும் ஒதுங்கிவிட, ஓர் ஆள் மட்டும் வெடிகளை எண்ணுவான். பன்னிரண்டும் கேட்டால்தான் கையைத் தூக்குவான். ஒன்று குறைந்தாலும் யாரும் கிட்டே போகக்கூடாது. பாம்புச் செவி என்று அந்த வேலையை வடிவேலுவிடம் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் அவர் கையைத் தூக்கினார். முதல் ஆளாகப் போனவர் சாகுல் ஹமீது. வெடிக்காமல் கிடந்த கடைசி மருந்து அவருடைய இடது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோய்விட்டது.

பதினோராவது வெடியின் எதிரொலி பாறையில் மோதித் திரும்பியிருக்கிறது. அதைத்தான் வடிவேலு பன்னிரண்டு என்று எண்ணிவிட்டார். எல்லாரும் மருந்தின் மேல் பழியைப் போட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.

பாய் பிறகு தேக்கா சந்தையில் மசாலாக் கடை வைத்தார். நாற்பது வருஷமாக ஞாயிறுதோறும் இருவருக்கும் டீக்கடையில் ஒரே மேசை, ஆளுக்கொரு தே தாரிக் டீ. சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வரும். சொன்னால் அந்த மேசையே இல்லாமல் போய்விடுமோ என்று டீயோடு விழுங்கிவிடுவார். கோழை என்றால் கோழைதான்.

இந்த ஞாயிறு விடிந்ததிலிருந்தே மழை. டீ குடித்து முடித்ததும் பாய் குடையை எடுத்தார்.

"நம்ம குவாரி இப்ப பூங்காவாம் வேலு. மழை பெஞ்சா அருவி விழுதாம். வா, பாத்துட்டு வருவோம் லா."

எம்ஆர்டி ரயிலில் போனார்கள். பூங்காவுக்குள் நுழைந்ததும் வடிவேலுவுக்குத் தூக்கத்தில் நடப்பது போலிருந்தது. லாரி போன பாதையில் புல். பாறையெங்கும் பெரணிச் செடி. தாங்கள் வெட்டிய பள்ளம் பச்சைக் குளமாகி, மூடுபனிக்குள் கண் மூடிக் கிடந்தது. உச்சியிலிருந்து தண்ணீர் வெள்ளையாக, அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. இந்தக் கருங்கல்லுக்கு இருபது கோடி வருஷத்துக்கு மேல் வயதாம், பலகையில் எழுதியிருந்தது. கட்டைவிரல் பழக்கதோஷத்தில் கணுவைத் தேடி, பாதியில் நின்றது. வெடியை எண்ணலாம், விழுகிற தண்ணீரை எப்படி எண்ணுவது?

அந்த மயக்கத்தில்தான் வாய் திறந்துகொண்டது.

"பாய், அன்னிக்கு வெடிச்சது பதினொண்ணுதான். எதிரொலியையும் சேத்து எண்ணிட்டேன். உங்க கை போனது என்னாலதான்."

பாய் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பதினொண்ணுதான் கேட்டுச்சு" என்றார்.

"பின்ன ஏன் பாய் போனீங்க?"

"நீ கையைத் தூக்கிட்டியே. வேலு தப்பா எண்ணமாட்டான், என் காதுலதான் கோளாறுன்னு நினைச்சேன்."

வடிவேலு நனைந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தார். செவிக்குற்றம் என்று இத்தனை காலம் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டிருந்தார். ஒரு மனுஷன் சொந்தக் காதை விட்டுவிட்டுத் தன்னை நம்பி நடந்து போனான் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்ப, எல்லாம் தெரிஞ்சுமா வாரா வாரம் என்கூட டீ குடிச்சீங்க?"

"பின்ன யார்கூட லா குடிக்கிறது?" என்றார் பாய். பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு விரல் கையை அவர் தோளில் போட்டார்.

வடிவேலு வாய்விட்டு அழுதார். பாய் அவரை அழவிட்டார்.