பட்டாளத்துக்காரரின் ஆறாவது விரல்

சீதாலெட்சுமி மலேசியாவின் கிள்ளான் நகரில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். அவளுடைய ஒரே மகன் கிஷன், யாரோ காட்டிய வேலையை நம்பிக் கம்போடியாவுக்குப் போனான். போன புதிதில் ஒருமுறை அழுதுகொண்டே பேசினான்.

"அம்மா, இங்க ஆளுங்கள ஏமாத்துற வேலைம்மா. வெளிய விட மாட்டேங்கறானுங்க."

அதற்குப் பிறகு அவன் குரலே இல்லை. போலீஸ், தூதரகம் என்று அவள் ஏறாத படியில்லை. நடுவில் அவனுடைய நண்பன் ஒருவன், கிஷன் தப்பித்துத் தாய்லாந்து எல்லையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னான். கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடினாள். அங்கே அப்படி யாருமே இல்லை. திரும்பி வந்து கேட்டபோது அந்த நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க அழுவுறதப் பாக்க முடியல ஆன்டி. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

இந்த நிலையில்தான் பட்டாளத்தான் சமாதி அவள் வாழ்க்கைக்குள் வந்தது. காப்பார் சாலையோரம் அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தை இப்போது கிடங்குகள் கட்டுவதற்காக அழித்துக்கொண்டிருந்தார்கள். அதன் மூலையில் பேரில்லாத ஒரு சிமெண்டு மேடை உண்டு. அதனடியில் கிடப்பது ஜப்பான்காரன் வந்த காலத்தில் செத்த ஓர் இந்தியச் சிப்பாய் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. வேனில் போகும்போது அங்கே புல்டோசர் நிற்பதைப் பார்த்து இறங்கிப் போனாள்.

"இந்த மாசக் கடைசியில தோண்டிருவோம் ஆன்டி," என்றான் மேற்பார்வையாளன். "சொந்தக்காரங்க வந்தா குடுத்துருவோம். இல்லேன்னா பொதுக் குழிதான் லா."

அந்த வார்த்தை அவளைத் தைத்துவிட்டது. எங்கோ கண்காணாத தேசத்தில் எவனோ ஒருவன் கிஷனைப் பற்றியும் இதே குரலில் பேசிக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. இந்தச் சிப்பாயின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் தன் பிள்ளைக்கும் யாராவது வழி காட்டுவார்கள் என்று, அர்த்தமில்லை என்று தெரிந்தே, பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள்.

தோட்டத்தில் அந்தக் காலத்து ஆள் என்று மிச்சமிருந்தவர் வேலாயுதம் ஒருவர்தான். தொண்ணூறைத் தாண்டிவிட்டவர், கிள்ளானில் முதியோர் இல்லத்தில் இருந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு அவரிடம் போய் உட்காருவாள். முதல் சில நாட்கள் அவளைத் தன் தங்கை என்று நினைத்துத் திட்டினார். பிறகு ஒரு காலை, ரொட்டியைத் தேநீரில் நனைத்தபடி தானாகவே பேச ஆரம்பித்தார். அவள் கைபேசியில் பதிவு செய்தாள்.

"வயித்துல குண்டு. ரப்பர் பால் காய்ச்சுற கொட்டாயில படுக்க வெச்சிருந்தாங்க. நான்தான் தண்ணி கொண்டு போனேன். முனிரத்னம்னு பேரு சொன்னாரு. வாலாஜா பக்கம் மேல்புதூராம். பொண்ணு பொறந்திருக்காம், மூஞ்சியப் பாக்கலியேன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாரு. ரெண்டாம் நாள் போயிட்டாரு."

சீதாலெட்சுமி அந்தப் பதிவை முகநூலில் போட்டு, வாலாஜா, வேலூர் பக்கத்துக்காரர்கள் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் பகிர்ந்தாள். மாதம் முடியப்போகும் நேரத்தில் போன் வந்தது. பேசியவர் மேல்புதூர் ரத்தினம்மா. அந்தச் சிப்பாயின் மகள். அவருக்கே எண்பது தாண்டிவிட்டது.

"எங்கப்பன் அங்கயே வேற குடும்பம் வெச்சிக்கினான்னு ஊரே பேசிச்சும்மா," என்றார். "பொணமும் வரல, காகிதமும் வரல. எங்கம்மா சாவுற வரைக்கும் தாலியைக் கழட்டல. வாசல்ல போறவன் வர்றவன் எல்லாம் சிரிச்சான். இப்ப நீ செத்துட்டாருன்ற. நான் எப்படி நம்பறது? முனிரத்னம்னு எங்க பக்கம் தெருவுக்கு நாலு பேரு. எங்கப்பாவுக்கு எடது கையில ஆறு வெரலுன்னு அம்மா சொல்லும். அத மட்டும் கேட்டுச் சொல்லு தாயி."

அவள் வேனை விரட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். வேலாயுதம் காய்ச்சலில் கிடந்தார். கண் திறந்திருந்தது, பார்வை எங்கோ இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்றாடினாள்.

"தாத்தா, அந்தப் பட்டாளத்துக்காரரு கையில ஆறு வெரலா? ஒரு வார்த்த சொல்லுங்க தாத்தா. ஆமான்னு தலைய ஆட்டுனாக் கூடப் போதும்."

"தண்ணி கேட்டாரு," என்றார் அவர். எத்தனை முறை கேட்டாலும் அதுதான் பதில். அந்த வாரமே இறந்துபோனார்.

சமாதியைத் தோண்டிய அன்று வானம் மூடிக்கிடந்தது. இடது கையாவது இருக்க வேண்டும் என்று முருகனைக் கூப்பிட்டபடி குழியோரம் நின்றாள். களிமண்ணுக்குள் தொடையெலும்புத் துண்டுகள், சில பித்தளைப் பொத்தான்கள், ஒரு பூட்ஸின் அடி. மண்ணைக் கையாலேயே அளைந்து பார்த்தாள். நகக்கண்ணில் இரத்தம் வந்ததுதான் மிச்சம். விரல் என்று சொல்ல ஒரு துணுக்குகூட இல்லை.

ரத்தினம்மாவை வீடியோவில் அழைத்தாள். சுருங்கிய முகம் திரை நிறைய வந்து நின்றது. ஆறு விரல் இருந்தது என்று சொல்வதற்கு ஒரு கணம் போதும். அவருடைய தாய்க்கு ஊரார் செய்த அவமானம் அத்தோடு தீர்ந்துவிடும். சொல் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தன் பிள்ளையின் படத்தை நீட்டி அலைந்த அந்த எல்லை ஊர் கண்முன் வந்தது. அவளால் முடியவில்லை.

"தெரியலம்மா. கைன்னு எதுவும் மிச்சமில்ல."

 ரத்தினம்மா உடைந்து அழுதார். "பொய்யாவது சொல்லக்கூடாதா? நான் செத்தா யாரு வந்து கேக்கப் போறாங்க?"

சீதாலெட்சுமியும் அழுதாள். சேறு படிந்த கையோடு, இதுவரை அவரிடம் சொல்லாத கிஷனின் கதையையும், சொந்தக்காரர் வராவிட்டால் எலும்புகள் பொதுக் குழிக்குத்தான் போகும் என்பதையும் அங்கேயே நின்று சொல்லிவிட்டாள். கேட்டு முடித்த ரத்தினம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மனுசனைக் குழியில தூக்கிப் போட உடாதே," என்றார். "எங்கப்பனோ, இன்னொருத்தி அப்பனோ. நான் வாரிசுன்னு எழுதிக் குடுத்துடறேன். நீயே அடக்கம் பண்ணு. என் பேரச் சொல்லி ஒரு பிடி மண்ணு போடு."

கிள்ளான் இடுகாட்டில் அடக்கம் நடந்தது. வந்தவள் அவள் ஒருத்திதான். கல்லில் முனிரத்னம் என்று மட்டும் வெட்டச் சொன்னாள். ஊர் பேர் போட மனம் துணியவில்லை. கிஷனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மேல்புதூரிலிருந்து போன் வருகிறது. அந்தக் கிழவி முதலில் கேட்பது கிஷனைத்தான்.